தட்டுக்கு அருகே போனால் உறுமுகிறானா உங்கள் செல்லம்?

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு அக்காவிடமிருந்து போன். "பிரவுனி பாப்பாவைக் கடிச்சுட்டான்டி. நீ உடனே கிளம்பி வா."

குரோம்பேட்டையிலிருந்து சிட்லபாக்கம் வழியாக ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேர ஸ்கூட்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கு அது முடியாத தூரமாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால், ஏழு வயது பாப்பா சோஃபாவில் மஞ்சள் பூசிய கையுடன் விசும்பிக்கொண்டிருந்தாள். மாமா கையில் பெருக்குமாறு. பிரவுனி கட்டிலுக்கு அடியில். அக்கா அழுதுகொண்டே, "இவனை யாருக்காவது கொடுத்துடலாம். என்னால முடியாது" என்றாள்.

பிரவுனி ஒன்றும் கடைக்குப் போய் விலை கொடுத்து வாங்கிய நாய் இல்லை. முந்தைய நவம்பர் மழையில், கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஆட்டோ ஸ்டாண்டில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டி. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அவனைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததே இந்தப் பாப்பாதான். இப்போது அவனுக்கு ஏழு மாதம்.

நடந்தது இதுதான். அன்று வீட்டில் சிக்கன் குழம்பு. பாப்பாவின் தட்டிலிருந்து ஒரு எலும்பு கீழே விழுந்திருக்கிறது. பிரவுனி அதைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டான். 'எலும்பு தொண்டையில் சிக்கிக்கும்' என்று அம்மா சொன்னது பாப்பாவுக்கு ஞாபகம் வர, குனிந்து கையை நீட்டியிருக்கிறாள். முதலில் உறுமல். அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த நொடி 'லபக்'. புறங்கையில் பல் உரசிய கோடு. ரத்தம் வரவில்லை.

குழந்தை செய்தது அவன் நன்மைக்காகத்தான். சமைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து நாயின் தொண்டையையும் குடலையும் கிழித்துவிடக்கூடியது. ஆனால் அதை எடுக்கக் கை நீட்டுகிற வழி தவறு. அதை அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

முதலில் குழாய், பிறகு மருத்துவமனை

நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சளைக் கழுவிவிட்டு, பாப்பாவின் கையைக் குழாய்க்கு அடியில் வைத்து, சோப்பு போட்டு, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட ரொம்ப நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

"நம்ம பிரவுனிக்குத்தான் ஊசி போட்டாச்சே?" என்றார் மாமா. உண்மைதான். மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆனாலும் அந்த முடிவை எடுக்க வேண்டியது மருத்துவர்தான், நாம் இல்லை. பல் பட்டிருந்தால், சிராய்ப்பே ஆனாலும், அன்றே காட்டிவிட வேண்டும். 'பத்து நாள் நாயைப் பார்ப்போம், அதற்கு ஏதாவது ஆனால் ஊசி போட்டுக்கொள்வோம்' என்று காத்திருப்பது ஆபத்தான சூதாட்டம். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்துக்கொண்டு 0, 3, 7, 28 என நான்கு நாள்கள் தோலுக்குள் போடுவார்கள். தசையில் போடும் முறை என்றால் 14-ம் நாளும் சேர்ந்து ஐந்து. ஆழமான கடி, ரத்தம் வந்த கடி என்றால் கூடுதலாக இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். பாப்பா ஒரு ஊசிக்கும் அழவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது, "சித்தி, பிரவுனியைக் கொடுத்துடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடித்ததால் வந்த வினை

அன்று பெருக்குமாறால் பிரவுனிக்கு நாலு அடி விழுந்தது. மாமா மேல் எனக்குக் கோபமில்லை. மகளைக் கடித்த நாயைப் பார்த்து எந்த அப்பாவுக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் அதற்கடுத்த ஒரு வாரத்தில் பிரவுனி மோசமானான். முன்பு யாராவது எலும்புக்கு அருகே போனால்தான் உறுமுவான். இப்போது தட்டில் வெறும் தயிர்சாதம் இருக்கும்போது சமையலறைக்குள் யார் நுழைந்தாலும் உடம்பு விறைத்தது. அதைவிட மோசம், மாமாவைக் கண்டால் உறுமுவதே இல்லை. நேராகப் பல்லைக் காட்டிப் பாய்ந்தான்.

கால்நடை மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. உறுமல் என்பது குக்கர் விசில் மாதிரி. உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று நமக்குச் சொல்கிறது. சத்தம் பிடிக்கவில்லை என்று விசிலை அடைத்துவிட்டால் அழுத்தம் குறையாது. அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்தக்கூடும், பயத்தை நிறுத்தாது. முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கிற நாய்கள் பலவும் இப்படி உருவாக்கப்பட்டவைதான்.

பிரவுனியின் தலையில் ஓடிய கணக்கு சுலபமானது. 'நான் சாப்பிடும்போது மனிதர்கள் வந்தால் சாப்பாடு போகும்.' அதோடு பெருக்குமாறு வந்தபின், 'சாப்பாடும் போகும், அடியும் விழும்.' அவன் காவல் காப்பதற்கு நாமே ஒரு காரணத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

சாப்பாட்டைக் காவல் காப்பது நாய்க்கு நோயும் இல்லை, திமிரும் இல்லை. கொல்கத்தாவில் உள்ள ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் ஊர்த் தெருநாய்களை நீண்ட காலமாக ஆராய்ந்துவருகிறது. குட்டிகள் வளர வளர, பெற்ற தாயே அவற்றோடு உணவுக்குப் போட்டி போடுவதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிஸ்கட்டை விட்டுக்கொடுக்கிற தாய், இறைச்சி என்று வந்தால் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. பெற்றவளுக்கே இந்தக் கதி என்றால், மழையில் தனியாகக் கிடந்த குட்டிக்கு யார் பகிர்ந்துண்ணச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? ஆனால் இது தெருவில் பிறந்தவற்றுக்கு மட்டுமான குணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய லேப்ரடாரும் செய்யும், கோல்டன் ரெட்ரீவரும் செய்யும்.

"தட்டுல கையை விடுங்க, பழகிடும்"

நாங்கள் வாங்கிய இலவச ஆலோசனைகளுக்குக் கணக்கில்லை. அபார்ட்மென்ட்டில் ஒருவர், "பாதி சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வையுங்க. யார் எஜமான்னு தெரியணும்" என்றார். இன்னொருவர், "சாப்பாட்டுல கையை விட்டுக் கிளறுங்க, பழகிடும்" என்றார். யூடியூபில் ஒருவர் நாயைக் குப்புறத் தள்ளி அழுத்திப் பிடித்துக்காட்டினார். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் அப்படித்தான் செய்யுமாம்.

இந்தத் 'தலைவன்' கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சியகத்தில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் ஆரம்பித்தது. அமெரிக்க விலங்கியலாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய் பற்றிய புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு அதே மெக் காட்டு ஓநாய்களோடு ஆண்டுக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டு, 'ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான்; சண்டை போட்டுத் தலைமையைப் பிடிப்பதெல்லாம் இல்லை' என்று 1999-ல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை நம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் இன்னும் விடவில்லை!

கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கும் வீடுகளில் நாய்களின் ஆக்ரோஷம் அதிகம். சாப்பிடும்போது ருசியான துண்டுகளைத் தட்டில் சேர்த்துப் போடும் வீடுகளில் குறைவு. ஆக்ரோஷமான நாய் என்பதால் பிடுங்கினார்களா, பிடுங்கியதால் ஆக்ரோஷமானதா என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் நம் பிரவுனி விஷயத்தில் எது முதலில் வந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், சரியான முதல் யோசனையைச் சொன்னவர் அக்காவின் மாமியார். "எங்க ஊர்ல நாய்க்குச் சோறு வெச்சா வெச்சதோட சரி. திரும்பிப் பார்க்காம வந்துடுவோம். திங்கிற நாய்கிட்ட யாரு போய் நிப்பா?" என்றார்.

டைல்ஸ் எண்ணிய கதை

மருத்துவர் முதலில் பிரவுனியின் உடம்பைப் பார்த்தார். வாய், பல், காது, வயிறு. வலி இருக்கிற நாயும், வயிற்றில் பூச்சி இருக்கிற நாயும், பசி அடங்காத நாயும் எரிச்சலோடுதான் இருக்கும். பூச்சி மருந்து கொடுத்தோம். ஒரே வேளையாகக் கொட்டிக்கொண்டிருந்த சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்தோம். வளரும் நாய்க்கு வெறும் தயிர்சாதம் போதாது என்று முட்டையும் சேர்ந்தது.

அடுத்து இடத்தை மாற்றினோம். அதுவரை பிரவுனியின் தட்டு சமையலறை வாசலில், எல்லோரும் போகிற வருகிற வழியில் இருந்தது. ரயில்வே பிளாட்பாரத்தில் இலை போட்டுச் சாப்பிடச் சொன்னால் நமக்கே பிடிக்குமா? வாஷிங் மெஷின் இருக்கும் பின்பக்க பால்கனிக்கு மாற்றி, குறுக்கே ஒரு கம்பிக் கேட் போட்டோம். அவன் சாப்பிட்டு முடித்து, தானே கேட் அருகே வந்து நிற்கும் வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. எலும்பு முழுத் தடை. பாப்பா சாப்பிடும்போது அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம். இதைச் செய்த முதல் மூன்று நாள்களிலேயே வீட்டில் பாதி பதற்றம் குறைந்துவிட்டது. பயிற்சி கொடுக்க நேரமில்லை என்பவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பிறகுதான் பயிற்சி. இதற்கு வேண்டியது உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத சிக்கன், சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகளாக. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்பிலிருந்து எடுத்துப் போடக் கூடாது.

தட்டில் சாதாரணச் சாப்பாடு. அக்கா தூரத்தில் நிற்பாள். எவ்வளவு தூரம்? பிரவுனி அவளைப் பார்த்தும் விறைக்காமல், வழக்கமான வேகத்தில் சாப்பிடுகிற தூரம். அவர்கள் வீட்டுத் தரையில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். ஆரம்பத்தில் அந்தத் தூரம் ஐந்து டைல்ஸ், அதாவது பத்தடி. அங்கிருந்து தட்டை நோக்கி ஒரே ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும், ஒரு சிக்கன் துண்டைத் தட்டின் பக்கம் எறிய வேண்டும், உடனே திரும்பி நடந்துவிட வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை. அவ்வளவுதான்.

இதில் வரிசை முக்கியம். முதலில் மனிதர் வர வேண்டும், பிறகு சிக்கன். சிக்கனைக் காட்டிக்கொண்டே கிட்டே போனால், நாய் சிக்கனைத்தான் பார்க்கும், உங்களை அல்ல. மணியடித்துச் சோறு போட்டு, பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊற வைத்த பாவ்லவின் கதை பள்ளியில் படித்திருப்போம். இங்கே அந்த மணி நீங்கள்தான். நீங்கள் வருகிற காலடிச் சத்தம் 'இருப்பதும் போகப்போகிறது' என்பதிலிருந்து 'இன்னும் நல்லது வரப்போகிறது' என்று மாற வேண்டும்.

நான்கு நாள் கழித்து, அக்கா வரும்போது பிரவுனி தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலை ஆட்டிப் பார்த்தான். அந்தப் பார்வை வந்த பிறகுதான் நாலரை டைல்ஸ். அப்புறம் நான்கு. அவசரப்பட்டு ஒருநாள் நேராக இரண்டுக்குப் போனாள். பிரவுனி வாயசைப்பதை நிறுத்திச் சிலை மாதிரி நின்றான். கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிந்தது. மறுபடியும் நான்குக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தச் சிலையாக நிற்பதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. உறுமலுக்கு முன்பே நாய் பல விதங்களில் சொல்லிவிடுகிறது. திடீரென்று அவசர அவசரமாக விழுங்கும், தட்டின் மேல் உடம்பைக் கவிழ்த்து மறைக்கும், தலையைத் தூக்காமல் கடைக்கண்ணால் பார்க்கும், உதட்டோரம் லேசாக ஏறும். இவற்றில் எது தெரிந்தாலும் நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். சத்தம் போடாமல் பின்வாங்குங்கள். 'பின்வாங்கினால் ஜெயித்துவிட்டதாக நினைக்காதா?' என்று மாமா கேட்டார். அந்த ஒரு வேளையில் யாருக்கும் கடி விழவில்லை என்பதுதான் வெற்றி. அடுத்த முறை இன்னும் தள்ளி நின்று ஆரம்பித்துக்கொள்ளலாம்.

அக்கா தட்டின் பக்கத்தில் நின்று குனிந்து சிக்கன் போடுகிற அளவுக்கு வர ஆறு வாரம் ஆனது. மாமா? அவர் மறுபடி முதலிலிருந்து, அதுவும் ஏழு டைல்ஸ் தூரத்தில் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஒருவரிடம் கற்ற நம்பிக்கையை நாய் தானாக இன்னொருவருக்கு மாற்றித் தராது. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பெரியவரும் தனித்தனியாகச் சம்பாதிக்க வேண்டும். அடித்தவர் கொஞ்சம் கூடுதலாக. ஆபீஸ் முடிந்து பெருங்குடியிலிருந்து களைத்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மாமா சிக்கன் கிண்ணத்தோடு ஏழாவது டைலில் போய் நிற்பதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

கூடவே இன்னொரு விளையாட்டும் நடந்தது. பண்டமாற்று. பிரவுனி வாயில் செருப்போ பந்தோ இருந்தால் பிடுங்க மாட்டோம். மூக்கருகே சிக்கன் துண்டைக் காட்டி "விடு" என்போம். விட்டதும் சிக்கன் கிடைக்கும், முடிந்தபோதெல்லாம் பந்தும் திரும்பக் கிடைக்கும். கொடுத்தால் நஷ்டமில்லை என்று தெரிந்த நாய்க்கு எதையும் காவல் காக்க அவசியமில்லை. அன்று கட்டிலுக்கு அடியில் எலும்போடு இருந்தவனிடமும் இதைத்தான் செய்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிச் சிக்கனைச் சிதறவிட்டு, அவன் வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எலும்பை எடுத்திருக்கலாம்.

பாப்பா இந்தப் பயிற்சி எதிலும் இல்லை. அவளுக்கு ஆசைதான். ஆனால் குழந்தைகளின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது, அவர்களின் அசைவுகள் திடீர் திடீரென்று இருக்கின்றன. சந்தேகத்துக்குரிய விலங்குக் கடிக்கு ஆளாகிறவர்களில் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தோம். பால்கனிக் கேட்டில், 'பிரவுனி சாப்பிடுகிறான், தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதி, பக்கத்தில் அவன் படமும் வரைந்து ஒட்டினாள். காது மட்டும் முயல் காது.

தெருவில் சோறு வைப்பவர்களுக்கு

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிற நல்ல உள்ளங்கள் நிறைய. ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் ஓடுகிற குழந்தையும் பைக்கில் போகிறவரும் மாட்டிக்கொள்கிறார்கள். பத்துப் பதினைந்து அடி இடைவெளி விட்டுத் தனித்தனிக் குவியலாக, நாய்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, கட்டட வாசல் இவற்றிலிருந்து தள்ளி, குடியிருப்போர் சங்கத்தோடு பேசி இடமும் நேரமும் முடிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் 2023-ம் ஆண்டு விலங்குகள் கருத்தடை விதிகளே சொல்கின்றன. தின்று முடிக்கும் வரை சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டால் அண்டை வீட்டாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏற்கெனவே ஆழமாகக் கடித்த நாயிடம் நீங்களாகப் பரிசோதனை செய்ய வேண்டாம். சாப்பாடு மட்டுமில்லாமல் சோஃபா, கட்டில், ஒரு குறிப்பிட்ட ஆள் என்று எல்லாவற்றையும் காவல் காக்கிற நாய், தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இருக்கும் நாய் இவற்றுக்கும் இது பொருந்தும். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அருகில் யாரும் இல்லையென்றால் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கொஞ்சம் தூரம்தான், காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள். அடித்துப் பழக்குகிறேன், கழுத்தில் ஷாக் பட்டை போடுகிறேன் என்கிற பயிற்சியாளர் வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிரவுனி பால்கனியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா மூன்றாவது டைலில் நின்றிருந்தார். ஜூலை முழுக்க மூன்றாவது டைல்தான். அதற்கு மேல் நகரவில்லை. "இன்னைக்கு வாலை ஆட்டினான், பார்த்தியா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எலும்பு இன்னும் தடையில்தான் இருக்கிறது. கம்பிக் கேட்டும் அப்படியே இருக்கிறது, இனிமேலும் எடுக்கப்போவதில்லை என்றாள் அக்கா. முயல் காது வரைந்த தாள் மட்டும் மழைச் சாரல் பட்டுக் கிழிந்துவிட்டதாம். பாப்பா புதிதாக ஒன்று வரைந்துகொண்டிருந்தாள்.